வளையத்தின் நிறம் பெண் பறவைக்குப் பிடிக்கவில்லையா?

கேள்வி: ஒரு ஜோடி ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைகள் வளர்க்கிறேன். ஆணின் காலில் பச்சை வளையம். இரண்டு மாதமாகியும் பெண் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சிவப்பு வளையம் மாட்டினால் சேர்ந்துவிடும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். வளையத்தைக் கழற்றும்போது மெல்லிய கால் முறிந்துவிடக்கூடும்.

இந்தப் பேச்சு சும்மா கிளம்பியதல்ல. 1980களில் நான்சி பர்லி என்ற ஆய்வாளர் இதே பறவைகளை வைத்துச் சோதித்தார். சிவப்பு வளையம் போட்ட ஆண்களைப் பெண்கள் நாடின, பச்சை போட்டவற்றை ஒதுக்கின. ஆனால் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் நிறையப் பறவைகளை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. அதனால் வளையத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அதற்காக நிறமே பொருட்டில்லை என்று ஆகாது. ஆணின் அலகைக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல உடல்நிலையில் அது பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியைப் பறவையால் உடலுக்குள் தயாரிக்க முடியாது, தீனியிலிருந்துதான் வர வேண்டும். 2003இல் வெளிவந்த ஒரு சோதனையில் கரோட்டினாய்டு கூடுதலாகக் கிடைத்த ஆண்களின் அலகு இன்னும் சிவந்தது, நோய் எதிர்ப்பு கூடியது, பெண்களும் அவற்றையே விரும்பின. வெறும் தினை போதாது, கீரையும் கொடுங்கள். சில வாரங்களில் அலகில் வித்தியாசம் தெரியும்.

கன்னத்து ஆரஞ்சுத் திட்டு வேறு கதை. அது உடலே தயாரிக்கும் மெலனின் என்ற நிறமி. தீனியை மாற்றி அதைக் கூட்ட முடியாது. வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள் என்பதால், தீனியால் நிறம் பெறும் பறவைகளில்கூட மாற்றம் அடுத்த இறகு உதிர்ப்புக்குப் பிறகுதான் தெரியும்.

அப்புறம், வெளிச்சம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இந்தப் பறவைகளுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும். அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டிக்குப் பின்னால் இருந்த ஆண்களைப் பெண்கள் அவ்வளவாக விரும்பவில்லை என்று 1996இல் ஒரு சோதனை காட்டியது. சாதாரண எல்இடி விளக்கில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். நம் கண்ணுக்கு அழகாக இருக்கும் ஆண், அந்த வெளிச்சத்தில் அவளுக்கு மங்கித் தெரியலாம். கூண்டைக் கொஞ்ச நேரமாவது திறந்தவெளியில், பகல் வெளிச்சம் வரும் நிழலில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சேரவில்லையா? சரி, அவளுக்கு இந்த ஆண் வேண்டாம், அவ்வளவுதான். நிறத்தோடு பாட்டையும் கேட்டுத்தான் பெண் துணை தேடுகிறது; சேர்ந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அதே ஜோடி. இன்னும் இரண்டு மூன்று ஆண்களோடு பெரிய கூண்டில் விடுங்கள். எந்த ஆணோடு உடல் உரச உட்கார்ந்து கழுத்து இறகைக் கோதிவிடுகிறதோ, அந்த ஜோடிக்கே கூடு வையுங்கள்.