நாணயம் கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும்

கேள்வி: ஒஹாயோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் நிலவறையில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே 1921 என்று போட்ட பெரிய வெள்ளி டாலர் ஒன்று, கென்னடி தலை போட்ட அரை டாலர்கள் இரண்டு (1964, 1967), கொஞ்சம் கால் டாலர்கள். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. பற்பசை போட்டுத் தேய்த்தால் நல்ல விலை போகும் என்கிறார் கணவர். எவ்வளவு தேறும்?

பதில்: முதலில் அந்தப் பற்பசையை அவர் கையிலிருந்து வாங்கி வையுங்கள். இருபது வயதில் நானும் ஒரு பழைய டாலரைப் பல்பொடியால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியவன்தான். கடைக்காரர் விளக்கடியில் ஒருமுறை சாய்த்தார், வட்டவட்டமாகக் கீறல். வெள்ளி விலைக்கு மேல் ஒரு காசு கிடையாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். 1964 வரையிலான கால், அரை டாலர்களில் 90 சதவீதம் வெள்ளி. கால் டாலரில் 0.18 அவுன்ஸ், அரை டாலரில் 0.36. ஆனால் 1965 முதல் 1970 வரையிலான அரை டாலரில் 40 சதவீதம்தான், அதாவது 0.148 அவுன்ஸ். அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் உங்கள் 1964க்கு பதினான்கரை, 1967க்கு ஆறு டாலர்கூட வராது. இது 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸ், சமையல் தராசின் அவுன்ஸ் அல்ல. கால் டாலர்களின் விளிம்பைப் பாருங்கள். செம்புக்கோடு தெரிந்தால் வெள்ளி இல்லை, செலவழித்துவிடலாம்.

பெரிய டாலரில்தான் விஷயம் இருக்கிறது. அதில் 0.77 அவுன்ஸ் வெள்ளி, எடை 26.73 கிராம் இருக்க வேண்டும், நன்றாகவே குறைந்தால் போலி என்று சந்தேகப்படுங்கள். 1921இல் இரண்டு விதமான டாலர் அடித்தார்கள். எது என்று நீங்கள் எழுதவில்லை. பின்பக்கத்துக் கழுகு சிறகு விரித்திருந்தால் மார்கன் டாலர். அந்த ஆண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அடித்தது, தேய்ந்திருந்தால் வெள்ளி விலையை ஒட்டித்தான் போகும். சிறகை மடக்கிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தால் பீஸ் டாலர். அது சுமார் 10 லட்சம்தான் அடித்தது. அப்படியானால் இரண்டு நாணய வணிகர்களிடமாவது காட்டாமல் கொடுத்துவிடாதீர்கள்.