சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள யுங்ஃபிராவ்யோக் கணவாய்க்கு ஒரே நாளில் போய்வருவது செலவுக்குத் தகுமா?

வானம் தெளிந்த நாளில் தகும். மேகம் மூடிய நாளில் தகாது. பெற்றோரை அழைத்துப் போகும் எண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள் என்று ஊகித்து, என் அம்மாவுடன் போய்வந்ததைச் சொல்கிறேன்.

மலையடிவார ஊரான கிரிண்டல்வால்டில் தங்கியிருந்தோம். மலைமேல் உள்ள கேமராக்களின் நேரலைக் காட்சி இணையத்தில் கிடைப்பதால், விடிந்ததும் அதைப் பார்த்த பிறகே டிக்கெட் வாங்கினேன். 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட ரோப் கார், பதினைந்து நிமிடங்களில் 2,320 மீட்டர் உயரத்திலுள்ள ஐகர்கிளெட்ஷர் நிலையத்தில் சேர்க்கிறது. அங்கிருந்து பற்சக்கர ரயில், ஐகர், மோன்க் மலைகளைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 3,454 மீட்டருக்கு ஏறுகிறது. சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஏளனம் செய்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். இந்த ரயில் பாதையைத் திட்டமிட்டு 1896இல் வேலையைத் தொடங்கிய தொழிலதிபர் கூயர்-செல்லர் 1899இலேயே இறந்துவிட, 1912இல்தான் பாதை மேலே போய்ச் சேர்ந்தது. நடுவே ஐஸ்மீர் நிறுத்தத்தில், பாறையில் திறந்த சன்னல் வழியே பனியாற்றைப் பார்த்த அம்மா, “இதைக் குடைஞ்ச மனுஷங்க எங்கப்பா தங்கினாங்க, எதைச் சாப்பிட்டாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முழங்கால் வலியோடு அம்மா மேலே வந்ததைப் பெருமையாகவே சொல்கிறேன். முதியவர்களை அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப் போவது பொறுப்பின்மை என்று எவரேனும் கண்டிக்கக்கூடும் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன்: அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பது தெரிந்தே, மருத்துவரின் ஒப்புதல் பெற்றுப் புறப்பட்டோம், மேலே ரயிலிலிருந்து இறங்கியதும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பிறகே மெல்ல நடந்தோம். ஸ்ஃபிங்க்ஸ் காட்சித்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச், இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு தெற்கே வளைந்து போவதை, அம்மா கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கோபமெல்லாம் குழுச் சுற்றுலாக்கள் மீதுதான். என் அண்ணன் குடும்பம் அப்படியொரு குழுவோடு போனபோது, முன்பதிவு செய்த நாளை மாற்ற இயலாது என்று அடைமேகத்துக்குள் ஏற்றிவிட்டு, பனிக்குகையையும் சாக்லேட் கடையையும் காட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சுற்றிப்பார்க்கும் கணக்கில் சேர்த்து இறக்கிவிட்டார்கள். அப்படிப் போய்வந்தவர் பணம் தண்டம் என்று சொன்னால் அவர்மேல் குற்றமில்லை.

ஆகவே பயண நாளை முன்கூட்டியே குறித்துவிடாமல், அவ்வட்டாரத்தில் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கித் தெளிந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். சுவிஸ் டிராவல் பாஸ் என்ற பயணச்சீட்டு வைத்திருந்தாலும் அது கிரிண்டல்வால்டு அல்லது மறுபக்கத்து ஊரான வெங்கன் வரைதான் முழுமையாகச் செல்லும். அதற்கு மேலே தள்ளுபடி மட்டுமே. வானம் தெளியவேயில்லை என்றால் லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கிலுள்ள டிரூமெல்பாக் அருவிகளுக்குப் போங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற மாதங்களில், இதே மலைகளின் பனியுருகிய நீர் பாறைக்கு உள்ளேயே கொட்டுவதால், எந்த மேகமும் அதை மறைக்காது.