தைலமரத்தை வெட்டலாமா? பெண்டிகோ வாசகருக்கும் அவருடைய அப்பாவுக்கும்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோ நகருக்கு வெளியே 5 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். நிலத்தில் நாற்பது ஐம்பது யூகலிப்டஸ் மரங்கள். பாதிக்கு மேல் கருத்து, ஆழமாக வெடித்த பட்டை உள்ளவை. போன ஜூலையில் அவை பூத்தபோது முகம் சிவந்த பச்சைக் கிளிகள் கூட்டமாக வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போயின. அழிந்துவரும் ஸ்விஃப்ட் கிளியாக இருக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்களோடு தங்க வந்திருக்கும் அப்பாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். “தைலமரம் தண்ணிய உறிஞ்சிடும், காட்டுத்தீ பயம் வேற. வெட்டிப் போடு, விறகுக்காவது ஆகும்” என்கிறார். எனக்கோ அந்தக் கிளிகள் திரும்ப வர வேண்டும். கூடு கட்டப் பெட்டி மாட்டலாமா? சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா? என்ன மரம் நடலாம்?

பதில்: முதலில் மரத்தை வெட்டாதீர்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம்.

அப்பா சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடவும் வேண்டாம். புதுக்கோட்டையில் தைலமரம் என்றால் வரிசை வரிசையாக நெருக்கி நட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை காகித ஆலைக்கு வெட்டி அனுப்பும் தோப்பு. அந்த மண்ணுக்கு அது வந்தேறி. வளரும் வேகத்தில் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். அங்கே அவர் பார்த்தது உண்மை. உங்கள் நிலத்தில் நிற்பவை வேறு. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அவை ரெட் அயன்பார்க், அதாவது இரும்புப்பட்டை மரம். பெண்டிகோவின் சரளை மண்ணில், குறைந்த மழையில், மெல்ல மெல்ல வளர்கிற உள்ளூர் மரம். இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். வடக்கு விக்டோரியாவில் மரங்களை அழித்த இடங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி, அடியில் கிடந்த உப்பையும் கூடவே கொண்டுவந்து வயல்களைப் பாழாக்கியது. இந்த ஊரில் மரம் தண்ணீரை உறிஞ்சாமல் விட்டால்தான் ஆபத்து!

சரி, கிளிக்கு வருவோம். நீங்கள் பார்த்தது ஸ்விஃப்ட் கிளிதானா என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் சொல்ல முடியும். பூத்த அயன்பார்க் மரத்துக்கு மஸ்க் லாரிகீட் என்ற இன்னொரு கிளியின் கூட்டமும் வரும். அதற்கும் பச்சை உடம்பு, சிவந்த முகம். எனக்கே தொடக்கத்தில் இரண்டும் பலமுறை குழம்பியிருக்கிறது. பறக்கும்போது இறக்கையின் அடியைப் பாருங்கள். ஸ்விஃப்ட் கிளிக்கு அங்கே நல்ல சிவப்பு இருக்கும், வாலுக்கு அடியிலும் சிவப்பு உண்டு. வால் நீளமாக, ஊசிபோலக் கூர்ந்து, கருஞ்சிவப்பாக இருக்கும். லாரிகீட்டின் வால் குட்டை, இறக்கையின் அடி பச்சை. முகத்தில் சிவப்பைச் சுற்றி மஞ்சள் ஓரம் தெரிந்தால் ஏறக்குறைய உறுதி செய்துகொள்ளலாம்.

இந்தக் கிளி 65 கிராம் அளவுதான். இனப்பெருக்கம் ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவில் மட்டும். குஞ்சு பொரித்து வளர்த்த பிறகு, இலையுதிர்காலத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பாஸ் நீரிணையைக் கடந்து விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் காடுகளுக்கு வந்துவிடும். குளிர்காலம் முழுக்கப் பூத்த மரங்களைத் தேடி அலைந்துவிட்டு, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தெற்கே திரும்பும். கிளி என்றதும் நமக்குக் கொய்யாவும் கம்பங்கதிரும் ஞாபகம் வரும். இதன் நாக்கோ நுனியில் தூரிகை மாதிரி இருக்கும். முக்கிய உணவு பூந்தேன். அப்புறம் இலைகளில் சின்னப் பூச்சிகள் தங்கள் மேல் மூடிக்கொள்ளும் சர்க்கரைக் கூடு. அதற்கு இங்கே லெர்ப் என்று பெயர். எந்த வருடம் எந்தக் காடு பூக்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது. அதனால் இந்த வருடம் வந்த இடத்துக்கு அடுத்த வருடம் வராமலே போகலாம். வரவில்லையென்றால் நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

டாஸ்மேனியாவில் இது நம்பியிருப்பது முக்கியமாக ப்ளூ கம் மரத்தின் பூவை. ஊட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள். நீலகிரித் தைலம் இறக்குகிற மரமே அதுதான். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, சோலைக்காட்டுப் புல்வெளிகளைத் தின்றுவிட்டது என்று நாம் இன்றும் திட்டுகிற அதே மரம், தன் ஊரில் ஒரு கிளி இனத்தின் தொட்டில். அப்பாவுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும்.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் இது 2015இல் ‘மிக அபாயகரமான அழிவுநிலை’க்கு வந்தது. 2016இல் ஆஸ்திரேலிய அரசும் அதே நிலையில் பட்டியலிட்டது. காட்டில் மிஞ்சியிருப்பவை 750 என்பது சில காலமாகச் சொல்லப்பட்ட எண். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவை வைத்துப் போட்ட கணக்கில் 300-க்கும் கீழே இருக்கலாம் என்று வந்தது.

காரணம் கடலின் இரண்டு பக்கமும் இருக்கிறது. விக்டோரியா பக்கத்துக் கதையைப் பிறகு சொல்கிறேன். டாஸ்மேனியாவில் பழைய ப்ளூ கம் காடுகள் விவசாயத்துக்கும் மரத்துக்குமாக வெட்டப்பட்டன. மிஞ்சிய மரப்பொந்துகளில் கூடு கட்டினால் இரவில் சுகர் கிளைடர் வந்துவிடும். பறக்கும் அணில் மாதிரி மரத்துக்கு மரம் சறுக்கிப் போகிற சின்னப் பிராணி, வயிற்றில் பை உள்ள இனம். டாஸ்மேனியாவுக்கு அதை 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள்தான் கொண்டுபோய் விட்டார்கள். அது முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், அடைகாக்கும் தாயையும் பொந்துக்குள்ளேயே கொன்றுவிடும். பெட்டைகளே அதிகம் சாவதால் ஆண்கள் மிகுந்து, ஜோடிக்குள் சண்டையும் குழப்பமும் வருகிறது. ப்ரூனி, மரியா ஆகிய இரண்டு தீவுகளில் சுகர் கிளைடர் கிடையாது. அங்கே ப்ளூ கம் பூக்கிற வருடங்களில் மட்டும் குஞ்சுகள் நிம்மதியாகப் பிழைக்கின்றன.

இப்போது உங்கள் பெட்டிக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். விக்டோரியாவில் இது கூடு கட்டாது. நீங்கள் மாட்டும் பெட்டியில் குடியேறப்போவது அநேகமாக சுகர் கிளைடர்தான்! இங்கே அது சொந்த மண்ணின் பிராணி, வந்தால் சந்தோஷம், ஆனால் கிளிக்கு அதனால் உபயோகமில்லை. டாஸ்மேனியாவில் ஆய்வாளர்கள் மாட்டிய சில பெட்டிகளில் வெளிச்சம் உணரும் சின்னக் கதவு உண்டு. பொழுது சாய்ந்ததும் மூடிக்கொள்ளும், விடிந்ததும் திறக்கும். உங்களுக்குச் செலவழிக்க மனமிருந்தால் அப்படிப்பட்ட வேலைக்கு நன்கொடையாகக் கொடுங்கள்.

சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஒரே தட்டில் பல கிளிகள் வாய் வைத்தால் அலகு-இறகு நோய் மாதிரியான தொற்று பரவும். இவ்வளவு குறைந்துபோன இனத்துக்கு அது தாங்காது. தவிர, தட்டு வைத்தால் முதலில் வந்து உட்காருவது நாய்சி மைனர். நம்மூர் மைனாவோடு இதற்குப் பெயர் ஒற்றுமை மட்டும்தான். இது தேனுண்ணும் இனம். சாம்பல் நிறம், கூட்டமாகச் சேர்ந்து மற்ற பறவைகளை விரட்டுவதில் மகா கெட்டிக்காரன். அடியில் புதரே இல்லாமல் சுத்தமாகப் புல் வெட்டிய, மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிற இடம் இதற்கு மிகவும் பிடிக்கும். புது வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நிலத்தை அப்படித்தான் ஆக்கிவிடுகிறார்கள்.

உங்கள் நிலத்தின் உண்மையான சொத்து பருத்த மரங்கள்தான். 1851இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பெண்டிகோவைச் சுற்றியிருந்த காட்டைச் சுரங்கத்துக்கும் கரிக்கும் விறகுக்குமாக மொட்டையடித்தார்கள். இன்று காடாகத் தெரிவதில் பெரும்பகுதி வெட்டிய அடியிலிருந்து மூன்று நான்காகத் துளிர்த்து வந்த ஒல்லி மரங்கள். பருத்த மரம் அதிகமாகப் பூக்கும், தேனும் அதிகம். அதனால்தான் கிளிகள் அவற்றைத் தேடிப் பிடிக்கின்றன. ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டிப் போங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 190 சென்டிமீட்டர் இருந்தால் விட்டம் 60 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் கொடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். அவை போனால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்கூட அதே பருமனில் இன்னொன்று வராது. பட்டுப்போய் நிற்கும் மரத்தையும் விட்டுவையுங்கள், பொந்து இருக்கும்.

விக்டோரியாவில் உள்ளூர் மரத்தை வெட்டப் பொதுவாக நகராட்சி அனுமதி வேண்டும். வீட்டை ஒட்டிய இடத்துக்குத் தீப்பாதுகாப்புக்காக விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று நகராட்சியிடம் கேட்காமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். விறகுக்காரர் “அதெல்லாம் பரவாயில்லை” என்றுதான் சொல்வார், அபராதம் வருவது உங்கள் பெயருக்கு.

தீ பயம் நியாயமானது. அதற்காக மரத்தை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைந்த சருகை வாருங்கள். வீட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லையும் சுள்ளியையும் அகற்றுங்கள். கூரைமேல் சாயும் கிளையை மட்டும் கழியுங்கள். ஜன்னலுக்குக் கீழே புதர் வேண்டாம். நார்நாராக உரியும் ஸ்டிரிங்கிபார்க் மரங்கள்தான் எரிகிற பட்டையை நெடுந்தூரம் பறக்கவிடும். அயன்பார்க்கின் பட்டை கெட்டியாக ஒட்டியிருப்பதால் அந்த அளவுக்கு மோசமில்லை. அப்பாவுக்கு விறகு வேண்டுமென்றால், ஒரே அடியிலிருந்து கிளம்பிய ஒல்லித் தண்டுகளில் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாமா என்று அனுமதி கேட்கும்போது சேர்த்துக் கேளுங்கள். விட்ட தண்டு சீக்கிரம் பருக்க அது உதவும்.

நடுவதற்கு ரெட் அயன்பார்க், கிரே பாக்ஸ், எல்லோ கம் மூன்றும் போதும். கிரே பாக்ஸ் இலையுதிர்காலத்தில் பூக்கும். மற்ற இரண்டும் குளிர்காலத்தைப் பார்த்துக்கொள்ளும். உள்ளூர் விதையிலிருந்து வளர்த்த நாற்றாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இது நீண்டகாலச் சேமிப்பு, உடனே பலன் தெரியாது. உடனே தெரிய வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தள்ளி, மரங்களுக்கு அடியில் கோல்டன் வாட்டில் மாதிரி உள்ளூர்ப் புதர்களைக் கூட்டம் கூட்டமாக நடுங்கள். நாய்சி மைனரின் அட்டகாசம் குறையும். கடையில் விற்கும், வருடம் முழுக்கப் பூக்கும் பெரிய பூ கிரெவில்லியா கலப்பினச் செடிகளை மட்டும் வாங்காதீர்கள். அவை மைனருக்குத் திறந்துவைத்த அன்னசத்திரம்.

பலருக்குத் தோன்றாத ஒரு விஷயம் கண்ணாடி. பெயருக்கேற்ற வேகத்தில் மரங்களுக்கு நடுவே பாய்கிற பறவை இது. பெரிய ஜன்னலிலும் கம்பிவலை வேலியிலும் மோதிச் சாகும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கயிறுகளைத் தொங்கவிடுங்கள். உள்ளே ஒட்டும் ஒற்றைப் பருந்துப் படத்தால் பெரிய பலனில்லை. வலைவேலி இருந்தால் பூக்கும் பருவத்தில் நிழல்வலைத் துணியைக் கட்டி அது கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். பூனை இருந்தால் வீட்டுக்குள். அடிபட்ட பறவை கிடைத்தால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்புக் குழுவிடமோ சேர்த்துவிடுங்கள்.

நிலத்தை நிரந்தரமாகக் காக்க விரும்பினால் டிரஸ்ட் ஃபார் நேச்சர் அமைப்போடு பாதுகாப்பு ஒப்பந்தம் போடலாம். அது பத்திரத்திலேயே பதிவாகும், நாளைக்கு வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். அவ்வளவு தூரம் போக யோசனையாக இருந்தால் லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப் திட்டத்தில் சேருங்கள். ஆலோசனை கிடைக்கும், சட்டக் கட்டு எதுவும் இல்லை.

குளிர்காலத்தில் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு தன்னார்வலர்களை வைத்து இந்தக் கிளியைக் கணக்கெடுக்கிறது, பெயர் கொடுங்கள். நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நடந்து ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, கை விறைத்ததுதான் மிச்சம். “ஒன்றுமில்லை” என்று எழுதிக் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டார்கள். எங்கே இல்லை என்பதும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. வருகிற ஜூலையில் கூட்டம் வந்தால் பறக்கும்போது படம் எடுத்து அனுப்புங்கள். உட்கார்ந்திருக்கும் படம் எத்தனை அழகாக இருந்தாலும் இறக்கையின் அடி தெரியாவிட்டால் நானும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி “இருக்கலாம்” என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.