காந்தப் புயலில் பூமியின் ஆக்ஸிஜனுக்கு என்ன வேலை?

கேள்வி: காந்தப் புயல் என்றால் சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்த மண்டலத்தைத் தாக்குவது என்றுதான் படித்திருக்கிறேன். அப்போது அங்கே ஆக்ஸிஜன் அயனிகள் பெருகிவிடும் என்கிறார்களே, சூரியனிலிருந்து அவ்வளவு ஆக்ஸிஜனா வருகிறது?

பதில்: இல்லை, அது நம் வளிமண்டலத்திலிருந்து மேலே போன சரக்கு. சூரியக் காற்றில் சுமார் 95 சதவீதம் புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. மீதியில் பெரும்பங்கு ஹீலியம். ஆக்ஸிஜனும் துளியூண்டு உண்டு, ஆனால் 10 லட்சம் டிகிரிக்கும் மேல் கொதிக்கிற கொரோனாவிலிருந்து, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து, வருவதால் பெரும்பாலும் ஆறேழு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்திருக்கும். நம் அயனி மண்டலத்து (அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகத் திரியும் வளிமண்டலத்தின் மேல்பகுதி) ஆக்ஸிஜன் வழக்கமாக இழப்பது ஒன்றே ஒன்றுதான். அதனால் விண்கலத்தில் இருக்கும் கருவி ஓர் அயனியின் நிறையையும் மின்னூட்டத்தையும் அளந்துவிட்டால் போதும், அது எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

1970-களின் தொடக்கம் வரை உங்களைப் போலத்தான் விஞ்ஞானிகளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1971 டிசம்பரில் ஒரு புயலின்போது, துருவப் பகுதிகளுக்கு மேலே பறந்த செயற்கைக்கோள் ஒன்றில் வேகமான ஆக்ஸிஜன் அயனிகள் சிக்கின. ஷெல்லி, ஜான்சன், ஷார்ப் என்ற மூவர் 1972-ல் அதை வெளியிட்டார்கள்.

சரி, இவ்வளவு கனமான அணு எப்படி மேலே ஏறுகிறது? பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேற புரோட்டானுக்கு அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்று மேல் போதும், அதைவிட 16 மடங்கு கனமான ஆக்ஸிஜனுக்கோ சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அயனி மண்டலத்தின் சாதாரண வெப்பம் அதற்குக் கொஞ்சமும் காணாது. புயல் நேரத்தில் துருவ ஒளி தோன்றும் பகுதிகளில் மின்புலங்களும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான வாயு) அலைகளும் அயனிகளைக் காந்தக் கோட்டுக்குக் குறுக்காகச் சுழற்றிச் சூடேற்றுகின்றன. அந்தக் கோடுகள் மேலே போகப் போக விரிவதால், சுழலும் அயனி தானாகவே மேல்நோக்கித் தள்ளப்படும். அப்புறம் அது இரவுப் பக்கத்தில் காந்த மண்டலம் நீண்டுகிடக்கும் காந்த வாலுக்குப் போய், அங்கே பல ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கப்பட்டு, திரும்பப் பூமியை நோக்கி வந்து, பூமியைச் சுற்றி வளையமாக ஓடும் வளைய மின்னோட்டத்தில் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு சேரும் என்றால், அமைதியான நாட்களில் அந்த வளையத்தின் ஆற்றலில் ஆக்ஸிஜனின் பங்கு சில சதவீதம்தான். 1991 மார்ச் பெரும்புயலிலோ பாதிக்கும் மேலே போனதை கிரெஸ் செயற்கைக்கோள் அளந்தது. புயலைக் கிளப்பிவிடுவது சூரியன் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பெரும்புயலின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது பூமியின் சொந்த அயனிகள்.

கேள்வி: ஹைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் இருந்தால் என்ன மாறிவிடும்?

பதில்: நிறையவே மாறும். பிளாஸ்மா கனமாகிவிடுவதால் அதில் காந்த அலைகள் மெதுவாகத்தான் ஓடும். புயல் அடங்கும் விதத்திலும் இதற்குப் பங்கு உண்டு. பூமியைச் சுற்றி வெகுதூரம் மெல்லிய ஹைட்ரஜன் வாயு படர்ந்திருக்கிறது. வேகமான அயனி அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டால் மின்னூட்டம் போய்விடும், காந்தப்புலத்தின் பிடியிலிருந்து நழுவி நேராகப் பறந்துவிடும். ஆற்றல் மிக அதிகமாக இருக்கும்போது புரோட்டானைவிட ஆக்ஸிஜன் இப்படிச் சீக்கிரம் காணாமல் போகிறது. தப்பி ஓடும் அந்த அணுக்களை வைத்தே, 2000-ல் ஏவப்பட்ட இமேஜ் விண்கலம் வளைய மின்னோட்டத்தைப் படம்பிடித்தது.

கேள்வி: இப்படியே போனால் நாம் சுவாசிக்கும் காற்று தீர்ந்துவிடாதா?

பதில்: பயப்படாதீர்கள். வெளியேறும் ஆக்ஸிஜன் நொடிக்கு 3 கிலோ என்று தாராளமாகவே வைத்து, போனதில் ஒரு பகுதி திரும்பி வருவதையும் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும், வளிமண்டலத்து ஆக்ஸிஜன் தீர 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சூரியனுக்கே இன்னும் 500 கோடி ஆண்டுகள்தான் பாக்கி.