பி.இ. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனால் படிப்பு வீணா?

"பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்று அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதலாம் என்றிருக்கிறேன். நான்கு வருடப் படிப்பு வீணாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு 24, 25 வயது இருக்கும். வீட்டில் ஒரு மாமா இருப்பார். கேள்வி அவருடையதாகத்தான் இருக்கும், வந்து கேட்டது மட்டும் நீங்கள். ஏனென்றால் என் மாமா இதே கேள்வியை 2016-இல் என்னிடம் கேட்டார், எங்கள் தென்காசிப் பக்கத்துப் பாணியில்: "ஏல, நாலு வருசம் இஞ்சினியருக்குப் படிக்க வச்சது பொட்டியத் தட்டுறதுக்காக்கும்?"

நான் மெக்கானிக்கல் முடித்தது 2014-இல். தமிழ்நாட்டில் அப்போது ஐநூறுக்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று மெக்கானிக்கல். எனக்குக் கிடைத்தது கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் தரப் பரிசோதனை வேலை. கேட்க நன்றாக இருக்கும். செய்தது என்னவென்றால், கையில் ஒரு பிளக் கேஜ். ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைந்தால் அந்தப் பீஸ் சிவப்பு டிரேயில். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை நூறு என்று எண்ணுவதைக்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சம்பளம் 8,500 ரூபாய். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள், வேலையை விட்டபின் அவற்றைத் திரும்ப வாங்க மூன்று மாதம் நடையாய் நடந்தேன். அந்தக் கதையை ஆரம்பித்தால் ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள்.

ஊருக்கு வந்து சும்மா இருந்தபோது அம்மாதான் கடைத்தெரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேரச் சொன்னார். போன முதல் நாள் டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தங்கச்சிய சேக்க வந்தீங்களா தம்பி?" என்றார். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் விரல் ஓடும் வேகத்தில் மிஷின் படபடக்கும், நான் நடுவில் உட்கார்ந்து ஏ, எஸ், டி, எஃப். இடது கைச் சுண்டுவிரலுக்குத் தெம்பே கிடையாது என்பது 24 வயதில்தான் தெரிந்தது.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், சிரிக்காதீர்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு முதன்முதலாக வந்தது அந்த மாடியில்தான்.

தமிழ் மிஷினில் புள்ளி வைத்த எழுத்தை அடிக்க, முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். தட்டினால் காகிதத்தில் புள்ளி விழும், ஆனால் கேரேஜ், அதாவது காகிதத்தைத் தாங்கி நகரும் மேல்பகுதி, நகராது. அப்புறம் எழுத்தைத் தட்டினால், ஏற்கனவே விழுந்த புள்ளிக்குக் கீழே போய் அது உட்காரும். நகரா விசை என்பார்கள். தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையாவின் வேலை அது என்று டீச்சர் சொன்னார். மற்ற விசைகள் ஒரு பல்சக்கரத்தை ஒரு பல் விட்டுக்கொடுக்க வைக்கும், அதனால் கேரேஜ் ஓர் எழுத்து தள்ளும். புள்ளி விசை அந்தச் சக்கரத்தைத் தொடவே தொடாது. அவ்வளவுதான் ரகசியம். கைனமேடிக்ஸ் தாளில் ராட்செட், எஸ்கேப்மென்ட் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்து, அந்தத் தாளில் அரியரும் வைத்தவன் நான். அது கண்ணெதிரே கிடுக் கிடுக்கென்று ஓடியபோது கொஞ்ச நேரம் அடிக்காமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் மூன்றாம் நம்பர் மிஷினில் கேரேஜை இழுக்கும் நாடா கழன்றுவிட்டது. மெக்கானிக் வர இரண்டு நாளாகும் என்றார்கள். நானே ஸ்பிரிங் டிரம்மைச் சுற்றி மாட்டிவிட்டேன். அந்த மாதம் டீச்சர் என்னிடம் ஃபீஸ் வாங்கவில்லை. படிப்பால் நான் நேரடியாகச் சம்பாதித்தது அந்த ஒரு மாத ஃபீஸ்தான் என்று மாமா சொல்லக்கூடும். சொல்லட்டும்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். டைப்ரைட்டிங்கில் லோயர் என்ற முதல் நிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்ற அடுத்த நிலைக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடம் இருமுறை நடத்துகிறது. நான் ஆங்கிலம் ஹையரும் தமிழ் லோயரும் முடித்த கையோடு 2018 பிப்ரவரி 11 அன்று நடந்த குரூப் 4 எழுதினேன். வி.ஏ.ஓ. பதவியையும் சேர்த்து ஒரே தேர்வாக நடந்தது அதுதான் முதல் தடவை. 9,351 இடம், 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம். 200 கேள்வி, 300 மதிப்பெண். என் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் வரும் இளநிலை உதவியாளர் பதவி எனக்குக் கிடைத்திருக்காது. அதே தேர்வில் வரும் தட்டச்சர் பதவிக்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் கட்-ஆஃப் இறங்கும். அந்தச் சந்தில்தான் நுழைந்தேன். தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500.

இனி பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு. எல்லோரும் அரசு வேலைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பில் டிசைன் மென்பொருள் கற்று இன்று என்னைவிட நாலு மடங்கு சம்பாதிப்பவன் இருக்கிறான், அவன் நன்றாக இருக்கட்டும். "பத்தாம் வகுப்புத் தகுதி வேலையைப் பட்டதாரி பிடுங்கலாமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னோடு அடித்த பிள்ளைகளில் இரண்டு பேர் அதே தேர்வை எழுதிக் கிடைக்காமல் போனார்கள். அதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கும் வேறு வாசல் திறந்திருக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் "பி.இ., அரசுப் பணி" என்று மட்டும் அச்சடித்தார் மாமனார். தட்டச்சர் என்ற சொல்லுக்கு அதில் இடம் போதவில்லையாம். மண்டபத்தின் பெயருக்கு மட்டும் இரண்டு வரி.

சரி, உண்மையான தொந்தரவு எது தெரியுமா? எழுத்துரு. அரசு அலுவலகங்களில் யூனிகோடுதான் என்று 2010-லேயே ஆணை வந்துவிட்டது. இன்றும் பக்கத்து அலுவலகத்திலிருந்து, யூனிகோடு அல்லாத வானவில் என்ற பழைய எழுத்துருவில் கோப்பு வரும். திறந்தால் நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். மாற்றியில் போட்டால் பாதி வரும், கொம்பும் காலும் எங்கோ போய் நிற்கும். மறுபடி முழுசாக அடிப்பேன். இதற்கு யாரிடம் முறையிடுவது?

சேருவதென்றால் பகல் பதினோரு மணி பேட்ச் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், நல்ல மிஷின் கிடைக்கும். ஆங்கிலத்தோடு தமிழையும் முதல் நாளே கேட்டுச் சேருங்கள். வேலை கிடைத்தபின் ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கணினிச் சான்றிதழ் கேட்பார்கள், அதையும் இப்போதே முடித்து வையுங்கள். சுண்டுவிரல் ஒரு வாரம் வலிக்கும், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், விசை வழுக்கும்.