பிளெண்டருக்கும் (3டி காட்சிகள் செய்யும் மென்பொருள்) கேமிங்குக்கும் ஒரே கம்ப்யூட்டர் வாங்கும்போது விரேம் எவ்வளவு பார்க்க வேண்டும்?

விரேம் என்பது கிராபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி. கார்டு வேலை செய்யும்போது தேவைப்படும் படங்களும் வடிவங்களும் அங்கேதான் இருக்கும்.

கேம் பெரும்பாலும் அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றும். இடம் பற்றாவிட்டால் செட்டிங்கைக் குறைத்துச் சமாளிக்கலாம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங், அதாவது ஒளிக்கதிர்கள் போகும் வழியைக் கணக்கிட்டுக் காட்சியைப் படமாக்கும் வேலை, அப்படியல்ல. ஒளிக்கதிர் எங்கே பட்டுத் திரும்பும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பொருள்கூட மெமரியில் இருக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்குச் சின்ன மேடை போதும், கல்யாணச் சமையலுக்கு எல்லாச் சாமானையும் பரப்ப இடம் வேண்டுமே, அது மாதிரி. இடம் போதாவிட்டால் வேகம் படுத்துவிடும், இல்லை ரெண்டரே நின்றுவிடும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டு கேமில் வேகமானது, ஆனால் விரேம் 8 ஜிபிதான். 2021இல் 12 ஜிபியோடு வந்த சாதாரண 3060 அதைவிட மெதுவானது. பெரிய காட்சிகள் செய்பவருக்கு நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அப்புறம், விரேம் கூடினால் கேமில் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையான அளவு இருந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் வேகம் கூடாது.