சமையல் ஃபாயிலில் வாழ்த்து அட்டை: கேள்வியும் பதிலும்

மார்கழி பிறந்தாலே பொங்கல் வாழ்த்து அட்டை பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த வருடம் பாதிக்கு மேல் அடுப்படி அலுமினியம் ஃபாயிலைப் பற்றியே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதில்தான் நீளம். அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: அக்கா, ஃபாயில் மேல பேனாவால சிக்குக் கோலம் போட்டேனுங்க. போட்டதும் நல்லா எடுப்பா இருந்துச்சு. அட்டையில ஒட்டினதும் மழுங்கிப் போச்சு, ரெண்டு இடத்துல கிழிஞ்சும் போச்சு. எங்க தப்புங்க்கா?

உங்கள் கையில் தப்பில்லை கண்ணு. தாளின் கனமே அவ்வளவுதான். வீட்டுக்கு வாங்கும் ஃபாயில் பெரும்பாலும் 10 முதல் 18 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். எம்பாஸிங்குக்கென்றே, அதாவது உருவத்தை மேடாக எழுப்பும் வேலைக்கென்றே விற்கும் மெல்லிய தகடு 100 மைக்ரானைத் தாண்டும். தகட்டில் கோடு போட்டால் அந்த மேட்டைத் தகடே தாங்கிக்கொள்ளும். ஃபாயிலால் அது முடியாது. ஒட்டும்போது விரல் பட்டாலே அமுங்கிவிடும். அதனால் சமையல் ஃபாயிலில் செய்கிறவர்கள் வேலையைத் திருப்பிப் போட வேண்டும். மேட்டை முதலில் அட்டையில் கட்டிவிட்டு, அதன் மேல் ஃபாயிலைப் போர்த்த வேண்டும்.

முறை இதுதான். தடித்த அட்டை ஒன்றை எடுங்கள். பனியன், சட்டை வாங்கும்போது உள்ளே வைத்துத் தரும் அட்டையே போதும். அதில் கோலத்தைப் பென்சிலால் வரையுங்கள். கோட்டின் மேல் மெல்லியதாக ஃபெவிகால் விட்டு, அதில் சணல் நூலையோ முறுக்கிய பருத்தி நூலையோ பதித்துக்கொண்டே போங்கள். தையல் நூல் ஆகாது. ஃபாயிலுக்கு அடியில் அது இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்குச் சோப்பு அட்டைப் பெட்டியில் சின்ன வட்டங்கள் வெட்டி ஒட்டலாம். எல்லாம் ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். ஈரம் இருக்கும்போதே ஃபாயிலைப் போட்டால் நூல் நகர்ந்து கோலம் கோணிவிடும்.

மறுநாள், அட்டையைவிட நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக ஃபாயிலை வெட்டுங்கள். அதை லேசாகக் கசக்கிப் பிரித்து, உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கசக்கிய தாளில் சின்னச் சின்ன மடிப்புகளாகக் கொஞ்சம் தாள் மிச்சம் இருக்கும். மேட்டின் மேல் அழுத்தும்போது அந்த மிச்சம் இளகிக் கொடுக்கும், கிழியாது. பசையை அட்டையில் தடவுங்கள், ஃபாயிலில் வேண்டாம். பிறகு ஃபாயிலைப் போர்த்தி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வாருங்கள். முதலில் விரல் நுனி, அப்புறம் இயர் பட்ஸ், கடைசியாக நூலின் இரு ஓரங்களிலும் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேனாவோடு தொடங்கினால் கிழிவது நிச்சயம். மிஞ்சிய ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டிவிடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பளபளப்பான பக்கம் மேல வரணுமா, மங்கல் பக்கம் மேல வரணுமா?

உங்கள் இஷ்டம். இரண்டும் ஒரே உலோகம்தான். ஆலையில் கடைசி முறை உருளைக்குள் விடும்போது இரண்டு தாள்களைச் சேர்த்தே விடுவார்கள். உருளையைத் தொடும் பக்கம் பளபளக்கும், ஒன்றையொன்று தொடும் பக்கம் மங்கலாக இருக்கும். கருப்பு பூசித் துடைத்துப் பழைய வெள்ளிச் சாமான் மாதிரி செய்வதாக இருந்தால் எனக்கு மங்கல் பக்கம்தான் பிடிக்கும். கிளாஸ் கலர், அதாவது கண்ணாடியில் பூசும் ஒளி ஊடுருவும் வண்ணம், பூசுவதாக இருந்தால் பளபளப்புப் பக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து: ஃபெவிகால் காயறதே இல்லீங்க்கா. ரெண்டு நாள் கழிச்சும் உள்ள வழுக்குது. காஞ்ச பிறகு அட்டை வில்லு மாதிரி வளைஞ்சு போயிருது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஃபெவிகால் நீரில் கரைத்த பசை. நீர் வெளியேறினால்தான் அது இறுகும். மேலே ஃபாயில் மூடியிருப்பதால் அந்தப் பக்கம் நீருக்கு வழியே இல்லை, எல்லாம் அட்டைக்குள்தான் இறங்க வேண்டும். வழவழப்பு பூசிய அட்டையாக இருந்தால் அதற்குள்ளும் இறங்காது. சொரசொரப்பான அட்டையாக எடுங்கள். பசையைப் பிரஷ்ஷால் மெல்லிய படலமாக இழுத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ஒட்டும் பதம் வந்த பிறகு ஃபாயிலைப் போடுங்கள். உங்கள் பக்கம் சாரல் விழும் மாதங்களில் அட்டையே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வேலைக்கு முன் கொஞ்சம் வெயில் காட்டி எடுங்கள்.

வளைவதற்கு வருவோம். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டு ஊறிச் சுருங்குவதால் இழுபடுகிறது. பின்பக்கத்திலும் அதே நாளில் ஒரு தாளைப் பசை தடவி ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும். பாரம் வைக்கும்போது மேடு அமுங்காமல் இருக்க, மடித்த டர்க்கி டவல் மேல் ஃபாயில் பக்கம் கீழே படும்படி கவிழ்த்து, முதுகில் புத்தகம் வையுங்கள்.

அவசரமென்றால் டபுள் சைடு டேப் ஷீட் போதும், காயவைக்கும் வேலையே இல்லை. ஆனால் ஒரு முறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது.

இன்னொன்று. ஆடிக்காற்று அடிக்கும்போது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் நம் ஊர்களில் இந்த வேலையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெட்டி வைத்த ஃபாயில் பக்கத்துத் தோப்பில்தான் கிடைக்கும்.

காங்கேயத்திலிருந்து: மாட்டுப் பொங்கலுக்கு எங்க ஊர்க் காளையை அட்டையில கொண்டு வரணும். நூல்ல செஞ்சா வெறும் கோடாத்தான் தெரியுது. உருண்டு திரண்டு வரணுமுங்க.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ரொம்ப சந்தோஷம். நூல் கோட்டுக்குத்தான். உடம்புக்கு அடுக்கு வேண்டும். காளையின் முழு உருவத்தையும் சார்ட் அட்டையில் ஒன்று வெட்டுங்கள். அதன் மேல் கழுத்து, திமில், தொடை மட்டும் கொஞ்சம் சிறியதாக இன்னொன்று. திமிலுக்கு மட்டும் மூன்றாவது, நான்காவது அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக. படிப்படியாகத் தெரியும் விளிம்புகளை, ஃபெவிகாலில் ஊறவைத்த டிஷ்யூ பேப்பரை மேலே போர்த்தி நீவிவிட்டால் மறைத்துவிடலாம். மொத்த உயரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் ஃபாயில் திமிலின் அடிவாரத்தில் இறங்காமல் கூடாரமாக நிற்கும், பிறகு அங்கேதான் கிழியும்.

கொம்புக்கு முறுக்கு நூல். நுனியைக் கூராக விடாமல் ஒரு சொட்டு பசை வைத்து மழுக்குங்கள்.

ஃபாயில் ஒட்டி முடித்ததும் கருப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் துளி நீர் விட்டுக் கலந்து முழுக்கப் பூசுங்கள். அரை நிமிடம் கழித்து ஈரத்துணியால் மேடுகளை மட்டும் துடைத்தெடுங்கள். காங்கேயம் காளைக்குச் சாம்பல் உடம்பில் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். அந்த இரண்டு இடத்தை மட்டும் அழுத்தித் துடைக்காமல் விடுங்கள். பார்த்தவுடன் எந்த ஊர் மாடு என்று தெரிந்துவிடும்.

தாராபுரத்திலிருந்து: கருப்புக்கு ஷூ பாலிஷ் போதும்கிறாங்களே?

நிறம் நன்றாகத்தான் வரும். ஆனால் அது மெழுகு. முழுக்கக் காயாது, அட்டையை வாங்குகிறவர் கையில் ஒட்டும், மேலே வார்னிஷும் பிடிக்காது. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைப்பதற்குச் சரி, கையால் எடுத்துப் பார்க்கும் அட்டைக்கு வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: தங்க நிறம் வேணும். தங்க ஃபாயில் தனியா வாங்கணுங்களா?

வேண்டாம். சாக்லேட் சுற்றி வரும் தங்கத் தாளே வெள்ளை அலுமினியத்தின் மேல் மஞ்சள் அரக்கு பூசியதுதான். நீங்களும் அதையே செய்யலாம். மஞ்சள் கிளாஸ் கலரில் ஒரு துளி பழுப்பு கலந்து பூசுங்கள். ஒளி நிறத்துக்குள் புகுந்து உலோகத்தில் பட்டுத் திரும்புவதால் உள்ளிருந்தே மின்னும். அக்ரிலிக் மஞ்சள் உலோகத்தை மூடிவிடும், அதில் மின்னல் வராது.

பூசும் முன் பஞ்சில் சானிடைசர் தொட்டு ஃபாயிலைத் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் நிற்காமல் உரிந்து வரும். கரைப்பான் கலந்த கிளாஸ் கலர்தான் நன்றாகப் பிடிக்கும், வாசனை கடுமை. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத அறையில் பூசுங்கள்.

பவானியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா? செலவு குறைவாக வேண்டும்.

தாராளமாகச் சொல்லித் தரலாங்க டீச்சர். முதல் அட்டைக்கு உங்கள் ஊர் ஜமுக்காளத்தையே கொடுங்கள். அகலமும் ஒடுக்கமுமான நேர்ப்பட்டைகள்தானே அதில் அழகு. ஒரு பட்டைக்கு நூலை நெருக்கி ஒட்டட்டும், அடுத்த பட்டையை வெறுமனே விடட்டும். நேர்க்கோடு மட்டும் என்பதால் கிழியாது, ஒரு வகுப்பு நேரத்தில் ஒட்டி முடித்துவிடலாம். அடுத்த வகுப்பில் ஃபாயில். பெர்மனென்ட் மார்க்கரால் பட்டைகளுக்குச் சிவப்பும் பச்சையும் தீட்டினால் கிளாஸ் கலர் செலவும் இல்லை.

ஃபாயில் வெட்டின விளிம்பு கையைப் பெரிதாக அறுக்காது. குளிர்பான டின்னை வெட்டிக் கொண்டுவந்தால் மட்டும் அனுமதிக்காதீர்கள், அது கத்திதான்.

கரூரிலிருந்து: சாப்பாடு கட்டின ஃபாயிலைக் கழுவிப் பயன்படுத்தலாமா? பார்சல் டப்பா, வெள்ளிப் பேப்பர் தட்டு?

இட்லி, சப்பாத்தி கட்டியது என்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்து எடுக்கலாம். புளிசாதம், எலுமிச்சை சாதம் கட்டியது வேண்டாம். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரித்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிக்கண் துளைகள் தெரியும்.

ஹோட்டலில் குருமா ஊற்றித் தரும் அலுமினிய டப்பாவைத் தூக்கிப் போடவே போடாதீர்கள். அதன் அடிப்பாகம் ஃபாயிலைவிடப் பல மடங்கு கனம். கோபிசெட்டிபாளையத்துத் தங்கச்சி ஆசைப்பட்ட மாதிரி நேராகப் பேனாவால் வரைந்து மேடு எழுப்ப அதுதான் சரியான தகடு. பழைய மவுஸ் பேட் மேல் வைத்துப் பின்பக்கமிருந்து வரையுங்கள். பிறகு திருப்பி, கெட்டியான பரப்பில் வைத்து, மேட்டின் ஓரங்களை முன்பக்கமிருந்து அழுத்துங்கள். தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்களும் தகட்டை இப்படிப் பின்னாலிருந்து தட்டித்தான் உருவத்தை எழுப்புகிறார்கள்.

வெள்ளிப் பேப்பர் தட்டு பெரும்பாலும் காகிதத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம். கசக்கிப் பாருங்கள். உலோகம் கசங்கியபடியே இருக்கும், பிளாஸ்டிக் விரிந்துகொள்ளும்.

உடுமலையிலிருந்து: பின்பக்கமிருந்து ‘பொங்கல் வாழ்த்து’ன்னு எழுதினா தலைகீழா வருதுங்க்கா.

இடவலம் மாறித்தான் வரும். டிரேசிங் பேப்பரில் எழுதி, அதைத் திருப்பி வைத்து, தெரியும் கோட்டின் மேலேயே வரையுங்கள். நூல் ஒட்டிச் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்து 2 சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும். ‘ழ’வின் சுழி அதற்குக் கீழே அடைந்துபோகும்.

அவிநாசியிலிருந்து: காப்புக்கட்டை அட்டையில கொண்டு வர முடியுமா? ஆவாரம்பூ சரி, பூளைப்பூதான் எப்படின்னு தெரியல.

நல்ல யோசனை. பொங்கலுக்கு முன் வீட்டில் செருகும் காப்புக் கொத்துதானே. வேப்பிலையும் ஆவாரம்பூவும் அட்டையில் வெட்டி ஒட்டலாம், இலை நரம்பைக் கடைசியில் பேனாவால் கீறினால் போதும். பூளைக்கு ஒரு நூல் காம்பு ஒட்டி, சுற்றிப் பசை தடவி, கல்மாவுக் கோலப்பொடியைத் தூவுங்கள். காய்ந்ததும் உதறிவிட்டு ஃபாயிலை விரலால் அழுத்தாமல் பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் தட்டித் தட்டி இறக்குங்கள். பூளையின் பஞ்சுத்தன்மை அப்படியே வரும். ரவை தூவச் சொல்கிறார்கள், வண்டு வரும், வேண்டாம். துடைக்கும்போது கருப்பு ரொம்பக் கொஞ்சமாக இருக்கட்டும்.

திருப்பூரிலிருந்து: தங்கச்சி கல்யாணத்துக்கு 300 பத்திரிகை. எல்லாத்துக்கும் கையாலயே ஃபாயில் வேலை செய்யலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. கல்யாண வேலைக்கு நடுவில் உங்களால் முடியாது, முடித்தாலும் கடைசி நூறு சரியாக வராது. மாமன் வீடு, பங்காளி வீடு என்று நேரில் தட்டில் வைத்துக் கொடுக்கும் பத்திரிகைகளுக்கு மட்டும் செய்யுங்கள். அதற்கும் ஒவ்வொன்றாக நூல் ஒட்ட வேண்டாம். ஒரே ஒரு அச்சு செய்து, நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் அடித்து வையுங்கள். மெல்லிய ஏ4 தாளில் கிளூ ஸ்டிக் தடவி ஃபாயிலை ஒட்டி, அதை அச்சின் மேல் வைத்துத் தேய்த்து எடுங்கள். தாள் அடியில் இருப்பதால் மேடு வெறும் ஃபாயிலைவிட நன்றாக நிற்கும். உயரம் குறைவாகத்தான் வரும், பத்திரிகைக்கு அது போதும். முகப்பில் தனித் துண்டாக ஒட்டுங்கள். மடிப்பின் குறுக்கே ஃபாயில் போனால் நாலு தடவை திறப்பதற்குள் வெடித்துவிடும்.

வால்பாறையிலிருந்து: சீரியல் லைட் சுத்தின நட்சத்திரத்துக்கு ஃபாயில் ஒட்டலாமா?

ஃபாயில் மின்சாரம் கடத்தும். வீட்டு மின்சாரத்தில் நேராகச் சொருகும் சீரியலுக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள், ஒயரில் ஒரு கீறல் போதும். பேட்டரி விளக்கு என்றால் ஒட்டலாம், பேட்டரி முனைகள் ஃபாயிலைத் தொடாமல் டேப் சுற்றிவிடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: தபால்ல அனுப்பினா நசுங்காம போய்ச் சேருங்களா?

அடியில் நூலும் அட்டையும் கட்டிய வேலை நசுங்காது. அச்சிலோ தகட்டிலோ எழுப்பியதற்குப் பின்பக்கம் குழி வெறுமையாக இருக்கும். ஒட்டும் முன் அந்தக் குழிகளில் ஃபெவிகாலும் சாக்பீஸ் தூளும் குழைத்து நிரப்பி இரண்டு நாள் காயவிடுங்கள். முகப்பின் மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, அட்டையின் இரு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்து, உறைக்குள் ஆடாத மாதிரி போடுங்கள். முத்திரை பலமாகக் குத்துவார்கள், அதனால் தபால்தலையை மேடு இல்லாத மூலைக்கு நேராக ஒட்டுங்கள்.